கறுப்புத் தாளில் ஒரு வரிக்குதிரை

என் மகளுக்கு ஏழு வயது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைத் தாளில் குதிரை ஒன்றை வரைந்து, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் அதன் மேல் பட்டை பட்டையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்து முடிந்தது, முதுகு முடிந்தது. வயிற்றுக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அம்மா, நான் போடறது கோடா, இல்ல போடாம விடறது கோடா?”

“நீ போடறதுதான் கண்ணு கோடு. வரிக்குதிரை வெள்ளை. அது மேல கறுப்புக் கோடு.”

கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னேன். அவளும் சரியென்று வயிற்றைத் தொடர்ந்தாள்.

அவள் தூங்கிய பிறகு அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். பட்டைகளின் அகலமும் இடைவெளிகளின் அகலமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தன. நான் கறுப்பைக் கோடு என்று சொன்னதற்கு வரிக்குதிரையிடம் எந்தக் காரணமும் இல்லை. காரணம் முழுக்கத் தாளில் இருந்தது. தாள் வெள்ளை, பேனா கறுப்பு. அதனால் விலங்கும் வெள்ளை, அதன் கோடும் கறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். தமிழில் அதன் பெயரும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. வரி என்றால் பட்டை. எழுதுகிற வரியும் வரிதான். வரி என்று கேட்டதுமே மனசு மையைத் தேடுகிறது. ஆனால் எது வரி, எது தாள் என்று வரிக்குதிரை என்ற பெயர் எங்கேயும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் கிடைத்த நேரமெல்லாம் இதைப் பற்றித்தான் படித்தேன். நான் அவளிடம் சொன்னது தப்பு.

வரிக்குதிரையின் முடியை மழித்தால் உள்ளே இருப்பது கறுத்த தோல். கறுப்புப் பட்டைக்குக் கீழேயும் அப்படித்தான், வெள்ளைப் பட்டைக்குக் கீழேயும் அப்படித்தான். மழித்துப் பார்க்கத் தேவையில்லை, முகத்தை நன்றாகப் பார்த்தாலே போதும். நெற்றியிலிருந்து மெல்லிய வெள்ளைக் கோடுகள் நெருக்கமாக இறங்கி வருகின்றன. மூக்கை நெருங்க நெருங்க முடி குட்டையாகி, மெலிந்து, ஒரு கட்டத்தில் வெள்ளை ஒவ்வொன்றாக நின்றுபோகிறது. மூக்குத் துளைகளையும் உதடுகளையும் சுற்றி முடி அநேகமாக இல்லாத இடத்தில், வரிகள் எதுவும் இல்லாமல் கறுப்பு மட்டும் தெரிகிறது. விலங்கு தன் தோலை வெளியே காட்டுகிற இடம் அது. எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறேன், அதைக் கவனித்ததே இல்லை.

குதிரைகளோடு பழகுகிறவர்களுக்கு இந்தச் சோதனை புதிதல்ல. நாம் வெள்ளைக் குதிரை என்று சொல்கிற பலவும் கருமையாகவோ பழுப்பாகவோ பிறந்து, வயது ஏற ஏற முடி நரைத்து வெளுத்தவை. அவற்றின் தோல் கடைசி வரை கறுப்புதான். மூக்கிலும் கண்ணைச் சுற்றியும் அது தெரியும். திட்டுத் திட்டாக வெள்ளை உள்ள குதிரைகள் வேறு வகை. அந்தத் திட்டுகளில் முடியை விலக்கிப் பார்த்தால் தோல் இளஞ்சிவப்பாக இருக்கும். ஆக வெள்ளையிலேயே இரண்டு வெள்ளை உண்டு. ஒன்றில் நிறம் தருகிற செல்லே அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. இன்னொன்றில் செல் தோலில் இருக்கிறது, முடிக்கு மட்டும் நிறம் போகவில்லை.

வரிக்குதிரையின் வெள்ளை இந்த இரண்டாவது வகை. என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம் இதுதான்.

கரு மிகச் சின்னதாக இருக்கும்போது, முதுகுத் தண்டு உருவாகிற இடத்தின் ஓரத்திலிருந்து நிறமி செல்கள் கிளம்பி, உடம்பின் இரண்டு பக்கமும் தோலுக்குள் பரவுகின்றன. இவற்றுக்கு மெலனோசைட் என்று பெயர். மெலனின் என்ற கரிய நிறமியைத் தயாரித்து, முளைத்து வரும் முடிக்குள் ஏற்றுவது இவற்றின் வேலை. வரிக்குதிரையில் இந்தச் செல்கள் உடம்பெங்கும் போய்ச் சேருகின்றன. கறுப்பு முடி முளைக்கும் இடத்தில் மெலனின் முடிக்குள் இறங்குகிறது. வெள்ளை முடி முளைக்கும் இடத்தில் அது நிறுத்திவைக்கப்படுகிறது. அதாவது பேனா எல்லா இடத்துக்கும் போயிருக்கிறது, சில இடங்களில் மட்டும் மை விடவில்லை. அப்படிப் பார்த்தால் உடம்பில் ‘போடப்பட்டது’ வெள்ளைதான். இந்த இடத்தில் வேண்டாம் என்று தனியாக ஓர் உத்தரவு போய், அது பட்டை பட்டையாக நிறைவேறியிருக்கிறது.

இது வெறும் சொல் விளையாட்டோ என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. அதைத் தீர்த்துவைத்தது ஒரு குட்டி. 2019 செப்டம்பரில் கென்யாவின் மசாய் மாரா காப்பகத்தில் புள்ளி போட்ட வரிக்குதிரைக் குட்டி ஒன்று கண்ணில் பட்டது. டீரா என்று பெயர் வைத்தார்கள். அதன் உடம்பு ஏறக்குறைய முழுக்கக் கருமை. பட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். பக்கத்தில் பட்டை போட்ட தாய். இப்படிப்பட்ட குட்டிகள் மிக அபூர்வமாக வேறு இடங்களிலும் பிறந்திருக்கின்றன.

அதைப் படித்த மறுநாள் மகளிடம் அந்தப் படத்தைக் காட்டி, இதை வரை என்றேன். வெள்ளைத் தாளை எடுத்தாள். வெளிக்கோடு போட்டுவிட்டு, புள்ளிகளுக்கு மட்டும் குட்டிக் குட்டி வட்டங்களாக இடம் விட்டு, மிச்சம் முழுவதையும் கறுப்பால் நிரப்பத் தொடங்கினாள். கால் மணி நேரம் ஆகியும் கழுத்தைத் தாண்டவில்லை. விரல் முழுக்க மை. “இதுக்குக் கறுப்புத் தாள் வேணும்மா,” என்று அவளே சொன்னாள். எனக்கு அதைவிட நல்ல விளக்கம் வேண்டியிருக்கவில்லை. வரிகளைப் போடுகிற ஏற்பாடு தடுமாறும்போது எந்த நிறம் உடைந்து புள்ளியாகிறது என்று பார்க்க வேண்டும். புள்ளியாகச் சிதறியது வெள்ளை. பின்னால் தொடர்ச்சியாக நின்றது கறுப்பு. அடிநிறம் வெள்ளையாக இருந்திருந்தால், வெள்ளைக் குட்டியின் மேல் கறுப்புப் புள்ளிகள்தான் சிதறியிருக்கும்.

எதிர்ப்பக்கம் சொல்கிறவர்களையும் ஒதுக்கிவிட முடியாது. வரிக்குதிரை இனங்களில் மலை வரிக்குதிரைக்கும் கிரேவி வரிக்குதிரைக்கும் வயிறு வெள்ளை. கறுப்புப் பட்டைகள் விலாவிலிருந்து இறங்கி, வயிற்றுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகின்றன. படத்தில் பார்த்தால் அசல் வெள்ளை விலங்கின் மேல் யாரோ பாதி வரைந்து விட்டதுபோல இருக்கும். வரிக்குதிரை வெள்ளை என்று பல காலம் நம்பியதற்கு இந்த வயிறும் ஒரு காரணம். ஆனால் கழுதையைப் பாருங்கள். உடம்பு சாம்பலோ பழுப்போ, வயிறு மட்டும் வெளுப்பு. கழுதையின் அடிநிறம் வெள்ளை என்று யாரும் சொல்வதில்லை. குதிரையைவிடக் கழுதைதான் வரிக்குதிரைக்கு நெருங்கிய உறவு. வெளிறிய வயிறு அந்தக் குடும்பத்துச் சொத்து, வரிகளோடு அதற்குச் சம்பந்தம் இருந்தாக வேண்டியதில்லை.

இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. குதிரையும் வரிக்குதிரையும் கலந்து பிறக்கும் குட்டிகளின் உடம்பு பொதுவாகக் குதிரையின் நிறத்தில் இருக்கிறது. அதன் மேல் அதைவிடக் கருமையான கோடுகள் ஓடுகின்றன. பழுப்பு அடி, கறுப்புக் கோடு. அப்படியானால் கறுப்புதானே வரி? இதில் நான் நான்கைந்து நாள் மாட்டிக்கொண்டேன். பிறகு எனக்குப் பட்டது இது: வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய இடங்கள் இந்தக் குட்டியில் பழுப்பாக இருக்கின்றன என்றால், அங்கே நிறமி செல்கள் இருக்கின்றன, வேலையும் செய்கின்றன. வேண்டாம் என்ற உத்தரவு பாதிதான் எடுபட்டிருக்கிறது. முழுக் கறுப்பும் இல்லை, முழு வெள்ளையும் இல்லை.

ஜெர்மனியில் 2006-இல் பிறந்த எக்லைஸ் என்ற கலப்புக் குட்டியின் படத்தைப் பார்த்தால் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். தந்தை குதிரை, தாய் வரிக்குதிரை. முகத்திலும் பின்புறத்திலும் பட்டைகள், நடுவே பெரிய வெள்ளைப் பரப்பு. அந்தப் பரப்பில் பட்டையின் சாயல்கூட இல்லை. திட்டுக் குதிரையின் வெள்ளை வேறு, வரிக்குதிரையின் வெள்ளை வேறு என்பதை ஒரே உடம்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுபோல இருந்தது.

இங்கே குவாக்காவைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த, சமவெளி வரிக்குதிரையின் ஒரு வகை அது. தலையிலும் கழுத்திலும் மட்டும் வரிகள் தெளிவாக இருக்கும். முதுகில் மங்கி, பின்னால் போகப் போக வெறும் பழுப்பாகிவிடும். பாதி வரைந்த ஓவியம். அதை மேய்ச்சல் நிலத்துக்குப் போட்டியென்றும், தோலுக்காகவும் கறிக்காகவும் சுட்டுத் தீர்த்தார்கள். கடைசிக் குவாக்கா 1883 ஆகஸ்ட் 12 அன்று ஆம்ஸ்டர்டாம் விலங்குக்காட்சி சாலையில் செத்தது. அதுதான் கடைசி என்று அன்றைக்கு அங்கே யாருக்கும் தெரியவில்லை. நூறு வருடம் கழித்து, 1984-இல், அருங்காட்சியகத்தில் இருந்த அதன் தோலிலிருந்து மரபணுத் துண்டுகளை எடுத்துப் படித்தார்கள். அழிந்துபோன ஒரு விலங்கின் டி.என்.ஏ.வைப் படித்தது அதுதான் முதல் முறை. வரி எங்கே நின்றுபோகிறது, நின்ற இடத்துக்குப் பிறகு என்ன நிறம் என்ற கேள்விக்கு உயிரோடு பதில் சொல்லியிருக்கக்கூடிய விலங்கு. இன்று மிஞ்சியிருப்பவை சில பாடம் செய்த தோல்களும் எலும்புக்கூடுகளும் ஒரு சில புகைப்படங்களும்தான்.

சரி, உத்தரவு போகிறது என்றேன். எப்போது போகிறது?

இதற்கு ஜொனாதன் பார்ட் என்ற உயிரியலாளர் 1977-இல் ஒரு கணக்குப் போட்டார். படித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கணக்குதான். இன்று மூன்று இனங்கள் இருக்கின்றன. சமவெளி வரிக்குதிரையின் உடம்பில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 26 அகலமான பட்டைகள். மலை வரிக்குதிரைக்குச் சுமார் 43. கிரேவிக்கு 80 வரை, அத்தனையும் மெல்லிசு. மூன்றுக்கும் மூன்று தனி விதிகள் வேண்டும் என்று தோன்றும். பார்ட் ஒரே விதி போதும் என்றார். கருவில் வரிகள் தீர்மானமாகும்போது, பட்டைக்குப் பட்டை இடைவெளி எல்லா இனத்திலும் ஒன்றுதான்: சுமார் 0.4 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 20 செல்களின் அகலம். வேறுபடுவது நாள் மட்டும். சமவெளியில் கருவின் மூன்றாவது வாரம், மலையில் நான்காவது வாரம், கிரேவியில் ஐந்தாவது வாரம். மூன்றாவது வாரத்தில் கரு ஒரு சென்டிமீட்டர் சொச்சம். அதில் 26 வரிகளுக்குத்தான் இடம். ஐந்தாவது வாரத்தில் அது மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருக்கும். 80 வரி கொள்ளும். 80-ஐ 0.4-ஆல் பெருக்கினால் 32 மில்லிமீட்டர். கையால் பெருக்கிப் பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்தது.

இதை மகளுக்குக் காட்ட பலூன்தான் வசதியாக இருந்தது. ஊதாத பலூனில் ஐந்து கோடு போட்டு ஊதினோம். ஒவ்வொன்றும் விரல் தடிமனுக்கு விரிந்தது. இன்னொரு பலூனைப் பாதி ஊதி, முடிச்சுப் போடாமல் வாயைப் பிடித்துக்கொண்டு, அதே பேனாவால் அதே இடைவெளியில் கோடு போட்டால் பன்னிரண்டு பிடித்தது. முழுக்க ஊதியதும் அவை முதல் பலூனின் கோடுகளைவிட மெல்லிசாகத்தான் இருந்தன. முதல் பலூனில் இன்னொன்றும் தெரிந்தது. அடிப்பக்கம் அதிகமாக உப்பியதால் அங்கே இருந்த கோடுகள் மட்டும் மிக அகலமாகிவிட்டன. சமவெளி வரிக்குதிரையின் பின்புறத்தைப் பாருங்கள். விலாவில் செங்குத்தாக நிற்கும் பட்டைகள், இடுப்பில் சாய்ந்து, தொடைக்கு மேல் கையகலத்துக்கு விரிந்து கிடக்கும். வரிகள் போடப்பட்ட பிறகு கருவின் பின்பகுதி பெரிதாக வளர்ந்ததால் அப்படி என்பது பார்ட் சொன்ன விளக்கம். தொடையைப் பார்த்துக் கருவின் வயதைக் கணக்கிட முடிகிறது என்பதை நினைத்தால் இன்னும் வியப்பாக இருக்கிறது.

வரிகள் ஏன் சீரான இடைவெளியில் விழுகின்றன என்பதற்கு அடித்தளம் போட்டவர் ஆலன் டூரிங். கணினி அறிவியலின் தந்தை என்று நாம் அறிந்த அதே டூரிங், 1952-இல், ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் பரவுகிற இரண்டு வேதிப்பொருட்கள் இருந்தாலே போதும், யாரும் வரையாமல் புள்ளிகளும் பட்டைகளும் தானாக அமையும் என்று கணிதத்தில் காட்டினார். வரிக்குதிரையில் அந்த வேலையைச் செய்யும் மூலக்கூறுகள் எவை என்பது தனிக் கதை. ஆப்பிரிக்காவில் முதுகில் வரி உள்ள ஓர் எலி இருக்கிறது. அதன் வெளிறிய வரிகளில் ஏ.எல்.எக்ஸ்.3 என்ற மரபணு அதிகம் வேலை செய்து, நிறமி செல்கள் முதிராமல் தடுக்கிறது என்று 2016-இல் கண்டுபிடித்தார்கள். அங்கேயும் நிறுத்திவைத்ததால் வந்ததுதான் வெளிறிய வரி.

அப்புறம் வரி எதற்கு என்ற பழைய கேள்வி. டார்வினுக்கும், அவர் காலத்திலேயே பரிணாமக் கொள்கையை முன்வைத்த வாலஸுக்கும்கூட இதில் ஒத்துப்போகவில்லை. மறைந்துகொள்ள உதவும் என்றார் வாலஸ்; திறந்த வெளியில் அது எப்படி மறைக்கும் என்பது டார்வினின் வாதம். சிங்கத்தின் கண்ணைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், பகலில் 50 மீட்டருக்கு அப்பால் அதற்கு வரிகளே சரியாகப் பிரிந்து தெரியாது. வெப்பத்தைத் தணிக்கும் என்றார்கள்; தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களில் வரித்தோல் போர்த்திச் சோதித்த ஹங்கேரி ஆய்வில் குளிர்ச்சி எதுவும் கிடைக்கவில்லை.

இன்று அதிக பலத்தோடு நிற்பது ஈ. ஆப்பிரிக்காவில் கடிக்கும் ஈக்கள் குதிரைக் குடும்பத்துக்குக் கொடிய நோய்களைப் பரப்புகின்றன. வரிக்குதிரையின் முடியோ குட்டையானது, ஈயின் வாய் சுலபமாகத் தோலை எட்டிவிடும். 2014-இல் டிம் காரோ என்ற உயிரியலாளரும் கூட்டாளிகளும் குதிரைக் குடும்பத்து விலங்குகள் வாழும் இடங்களின் வரைபடங்களை ஒப்பிட்டார்கள். கடிக்கும் ஈக்கள் எங்கே அதிகமோ அங்கே வரிகளும் அதிகம். 2019-இல் அவர்கள் இங்கிலாந்தில் ஒரு பண்ணையில் குதிரைகளுக்குக் கறுப்பு, வெள்ளை, வரி போட்டது என்று மூன்று வகைப் போர்வைகளை மாற்றி மாற்றிப் போர்த்திப் பார்த்தார்கள். வரிப் போர்வையில் ஈக்கள் உட்கார்ந்தது வெகு குறைவு. அதே குதிரையின் மூடாத தலையிலோ வித்தியாசமே இல்லை! நிஜ வரிக்குதிரைகளையும் வீடியோ எடுத்துப் பார்த்தபோது, ஈக்கள் வழக்கம்போல நெருங்கி வந்தன. ஆனால் இறங்குவதற்கு முன் வேகத்தைக் குறைக்கத் தெரியாமல் மோதித் தெறித்தன, அல்லது கடந்து போய்விட்டன.

இதில் அடிநிறக் கேள்வியோடு சேருகிற ஒரு நுணுக்கம் இருக்கிறது. குதிரை ஈக்கு வெகுவாகப் பிடிப்பது பெரிய, கரிய, ஒரே பரப்பான உடம்பு. ஹங்கேரியில் 2012-இல் பசை தடவிய குதிரைப் பொம்மைகளை வெளியில் நிறுத்திவைத்தபோது கறுப்புப் பொம்மையில் ஈக்கள் அப்பின. வரி போட்டதில் ஒட்டியவை எல்லாவற்றையும்விடக் குறைவு, வெள்ளைப் பொம்மையைவிடவும். ஆக, கரிய உடம்போடு ஈக்கள் நிறைந்த நாட்டில் வாழ வேண்டிய ஒரு விலங்குக்கு அந்தக் கருமையைத் துண்டு துண்டாக வெட்டுவது லாபம். வெட்டுவது வெள்ளை. ஜப்பானில் 2019-இல் இதையே தூரிகையால் செய்து பார்த்தார்கள். கறுப்பு மாடுகளின் மேல் வெள்ளைப் பட்டைகள் தீட்டினார்கள். அந்த மாடுகளின் மேல் உட்கார்ந்த ஈக்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. கறுப்புப் பட்டை தீட்டிய கறுப்பு மாட்டுக்கு எந்தப் பலனும் இல்லை. பெயின்ட் வாசனைக்கு ஈ பயப்படவில்லை, வெள்ளைக்குத்தான் தடுமாறியது.

நேற்று கறுப்பு சார்ட் தாள் வாங்கி வந்தேன். வெள்ளைப் பென்சிலும். முதலில் மகளிடம் ஒப்புக்கொண்டேன்: அன்னிக்கு அம்மா சொன்னது தப்பு, நீ போடாம விட்டதுதான் கோடு. “அப்பவே எனக்குத் தோணிச்சு,” என்றாள்.

இந்த முறை பிடரியிலிருந்து ஆரம்பித்தாள். கழுத்துப் பட்டை அப்படியே மேலே ஏறி, நிமிர்ந்து நிற்கும் பிடரி முடியிலும் தொடர வேண்டும். அதை அவளே படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். தோள்பட்டையில்தான் இருவருக்கும் திண்டாட்டம். உடம்பின் செங்குத்துப் பட்டைகளும் காலின் கிடைப்பட்டைகளும் சந்திக்கிற அந்த இடத்தில் பட்டைகள் கூரைபோல மடிந்து ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி நிற்கும். மூன்று தடவை அழித்தோம். கறுப்புத் தாளில் அழித்தால் சாம்பல் தேய்ந்து நிற்கிறது. பரவாயில்லை, சில தென்பகுதி வரிக்குதிரைகளுக்கு வெள்ளைப் பட்டையின் நடுவே மங்கலான நிழல் பட்டை உண்டு, அப்படி இருக்கட்டும் என்றேன்.

கடைசியாக முகம். நெற்றியிலிருந்து மெல்லிய வெள்ளைக் கோடுகளை இறக்கிக்கொண்டே வந்தாள், நெருக்கமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு. மூக்குக்குக் கொஞ்சம் மேலே பென்சில் நின்றது.

“இங்க ஒண்ணும் போடக் கூடாது, இல்லம்மா?”

“போடக் கூடாது.”

பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.